ஸ்பிதி: மண்பாதைச் சைக்கிள் பயணமும் திறந்தவெளிக் கூடாரமும்

இந்த நூலில் வரும் பாதைகளில் தமிழ்நாட்டுச் சைக்கிள்காரர்கள் அதிகம் விசாரிப்பது இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கைத்தான். விசாரிக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த வண்டி வாங்கலாம்?" அதற்கான பதிலை வேண்டுமென்றே இந்த அத்தியாயத்தின் பின்பகுதிக்குத் தள்ளியிருக்கிறேன். ஸ்பிதியில் பாதி வழியில் திரும்புகிறவர்களில் வண்டி உடைந்து திரும்பியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தலைவலி தாங்காமல் திரும்புகிறார்கள். குளிரில் இரண்டு இரவு தூங்காமல், மூன்றாம் நாள் ஜீப்பைக் கைகாட்டி நிறுத்துகிறார்கள். எந்தப் பக்கமிருந்து ஏறுவது, எங்கே படுப்பது, என்ன தின்பது, அதற்கப்புறம் வண்டி: இந்த வரிசையில் யோசித்தால் பாதித் தவறுகள் ஊரிலேயே நின்றுவிடும்.

சிம்லா பக்கமிருந்து ஏறுங்கள்

ஸ்பிதிக்குள் போக இரண்டு வாசல். மணாலியிலிருந்து கிராம்பூ, சத்ரூ, படால், குன்சம் கணவாய் வழியாக, ஸ்பிதியின் தலைமை ஊரான காஜா ஏறக்குறைய 200 கி.மீ. சிம்லாவிலிருந்து ராம்பூர், ரெக்காங் பியோ, நாகோ, தாபோ வழியாகப் போனால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். விடுமுறை குறைவு, மணாலியே கிட்ட என்று நம் ஆட்கள் மணாலியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சமவெளிக்காரர்களுக்கு இது மோசமான தேர்வு. மணாலி 2,050 மீட்டர் உயரம். அங்கிருந்து மூன்றாம் நாள் மாலை நீங்கள் சந்திரதால் ஏரிப் பக்கம், 4,250 மீட்டரில் கூடாரம் அடித்துக்கொண்டிருப்பீர்கள். உடம்புக்கு அது புரியவே புரியாது.

3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், முந்தைய இரவு படுத்த இடத்தைவிட அடுத்த இரவு படுக்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட கணக்கு. பகலில் எவ்வளவு ஏறினீர்கள் என்பது இரண்டாம்பட்சம். எங்கே தூங்கினீர்கள் என்பதுதான் கணக்கு. நம்மிடம் பயிற்சிக்கு அந்த உயரமும் கிடையாது. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்; வழியில் வரும் நாகோ கிராமம் அதைவிட ஓர் ஆயிரம் மீட்டர் மேலே இருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மூச்சு வாங்காமல் ஏறுகிறவருக்கும் மலைநோய் வரும். காலில் பலம் உள்ளவர் வேகமாக ஏறிவிடுவார் என்பதால் அவருக்குச் சீக்கிரம் வரவும் கூடும்.

ஆகவே நான் சொல்லும் வழி இது. ரெக்காங் பியோ வரை பேருந்தில் போங்கள். அதற்கு மேலே இருக்கும் கல்பாவில் (2,960 மீ.) இரண்டு இரவு. வண்டியை முடுக்கி, கடைகண்ணி பார்த்து, ஒரு சுற்றுச் சுற்றிவர அந்த இரண்டு நாள் சரியாக இருக்கும். அடுத்து பூ கிராமம். இது கல்பாவைவிடத் தாழ்வு. பிறகு நாகோ (3,660 மீ.). கல்பாவோடு ஒப்பிட்டால் 700 மீட்டர் உயர்வு, கணக்கைக் கொஞ்சம் மீறுகிறது. அதனால் நாகோவில் இரண்டு இரவு கட்டாயம். நாகோவைத் தாண்டியதும் வரும் மல்லிங் நாலா அடிக்கடி சரியும் இடம். அதைக் காலையிலேயே, அண்ணாந்து மேட்டைப் பார்த்துக்கொண்டே, நிற்காமல் கடந்துவிடுங்கள். அப்புறம் தாபோ (3,280 மீ.). அங்குள்ள மடாலயம் கி.பி. 996இல் எழும்பியது. சுதைச் சிற்பங்களையும் சுவரோவியங்களையும் பார்க்க அரை நாளாவது ஒதுக்காமல் மிதித்துப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. தாபோவிலிருந்து தங்கர், தங்கரிலிருந்து காஜா. காஜாவில் மூன்று இரவு.

அந்த மூன்று நாளும் படுத்துக் கிடக்க வேண்டாம். சுமையை அறையில் போட்டுவிட்டு, லாங்சா, ஹிக்கிம், கோமிக் பக்கம் வெறும் வண்டியோடு ஏறி, மாலை காஜாவுக்கே இறங்குங்கள். கோமிக் 4,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உயரத்தில் உழைத்துத் தாழ்வில் தூங்க இதைவிட நல்ல பயிற்சி மைதானம் கிடையாது; மண்பாதையில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதும் தெரிந்துவிடும். நான்காம் நாள் சுமையேற்றி கீ, கிப்பர் வழியாக, 2017இல் திறந்த சிச்சம் பாலத்தைத் தாண்டி லோசர் பாதையில் சேரலாம். லோசரில் ஓர் இரவு, பிறகு குன்சம் கணவாய் (4,551 மீ.), அதிலிருந்து இறங்கிச் சந்திரதால், அங்கிருந்து படால், சத்ரூ, கிராம்பூ வழியாக மணாலி. இப்படிப் போனால் 4,250 மீட்டரில் நீங்கள் படுக்கும் முதல் இரவு, பயணத்தின் இரண்டாம் வாரத்தில்தான் வரும்.

இந்தத் திசையில் இன்னொரு லாபம் காற்று. பகலில் சூடேறிய காற்று பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலே வீசும். ஸ்பிதியில் மதியத்துக்கு மேல் அது பலமாகவே வீசும். நாகோ, தாபோ பக்கமிருந்து காஜாவுக்கு ஏறுகிறவருக்குப் பெரும்பாலும் அது முதுகுக் காற்று. எதிர்த்திசையில் இறக்கத்தில்கூட மிதித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

தலைவலியை என்ன செய்வது

தலைவலியோடு குமட்டலோ, சாப்பாடு பிடிக்காமலோ, தலை சுற்றலோ சேர்ந்தால் அதை மலைநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "வெயிலில் வந்தது, தண்ணீர் குடிக்கவில்லை" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மேலே ஏறாதீர்கள். அதே இடத்தில் தங்குங்கள். மறுநாளும் குறையவில்லை என்றால் இறங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நிற்காத இருமல், நேர்கோட்டில் குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி நடக்கச் சொன்னால் தள்ளாடுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவு என்றும் பாராமல் வண்டி பிடித்து இறங்க வேண்டும். கூடவருகிறவர் "எனக்கு ஒன்றுமில்லை, தூங்கவிடு" என்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்; மூளை வீங்கத் தொடங்கியவருக்குத் தன் நிலை தெரியாது.

அசிட்டசோலமைடு மாத்திரை, டையமாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது, உடம்பு உயரத்துக்குப் பழகுவதைத் துரிதப்படுத்தும். தடுப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது ஆகாமல் போகலாம் என்பதால் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள். கேட்டு வாங்கிய பின் ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பாருங்கள். விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். இதெல்லாம் புதிதாக 4,000 மீட்டரில் ஒரு கூடாரத்துக்குள் தெரியவந்தால் பயந்துவிடுவீர்கள். காஜாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கும் மணாலிக்கும் நடுவில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

எப்போது போவது

குன்சம் கணவாய் பெரும்பாலும் ஜூன் வாக்கில் திறந்து அக்டோபரில் மூடும். ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிதிக்குள் மழை குறைவுதான். ஆனால் அதற்குப் போகும் இரண்டு வாசல்களிலும், ரெக்காங் பியோ இருக்கும் கின்னோரிலும் மணாலியிலும், மழை கொட்டி மலை சரியும். பனியுருகல் உச்சத்தில் இருப்பதால் ஓடைகளும் நிரம்பி ஓடும். என் பரிந்துரை செப்டம்பர். ஓடைகள் வடிந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், கின்னோரில் ஆப்பிள் பழுத்திருக்கும். இதற்கான விலை இரவுக் குளிர்: சந்திரதால் பக்கம் செப்டம்பர் கடைசியில் பாட்டில் தண்ணீர் உறைவது சாதாரணம்.

இந்தியக் குடிமக்களுக்கு இந்தப் பாதையில் உள்கோட்டு அனுமதிச் சீட்டு தேவையில்லை. சும்தோ சோதனைச் சாவடியில் ஆதார் காட்டிப் பெயர் பதிந்தால் போதும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் ரெக்காங் பியோவுக்கும் காஜாவுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதிக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ரெக்காங் பியோவிலேயே வாங்கலாம். ஒரு முக்கியமான எச்சரிக்கை: வெளிநாட்டில் சைக்கிள்காரர்கள் சாதாரணமாக வைத்திருக்கும் செயற்கைக்கோள் செய்திக் கருவிகளையும் சாட்டிலைட் போன்களையும் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம். கார்மின் இன்ரீச் வகைக் கருவிகளும் இதில் அடக்கம். நம்பிக் கொண்டுவந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். படால் பக்கம் போன் சிக்னலும் கிடையாது. "லோசரிலிருந்து கிளம்புகிறேன், இத்தனையாம் தேதிக்குள் மணாலியிலிருந்து கூப்பிடுவேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவதுதான் உங்களுக்கு இருக்கிற பாதுகாப்பு.

இரவுக்கான சாமான்

சுமையில் முக்கால் பங்கு இரவுக்காகத்தான். இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

உறக்கப் பையின் உறையில் மூன்று வெப்பநிலைகள் அச்சிட்டிருப்பார்கள்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கடைக்காரர் பெரிதாகக் காட்டுவது பெரும்பாலும் எக்ஸ்ட்ரீம். அது உயிர் போகாமல் இருக்கும் அளவு, தூங்கும் அளவு இல்லை. செப்டம்பர் ஸ்பிதிக்கு கம்ஃபர்ட் எண் மைனஸ் 7 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். பையை நல்லதாக வாங்கிவிட்டுக் கீழே விரிக்கும் பாயில் மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. பையின் இறகு உங்கள் உடம்புக்கு அடியில் நசுங்கிவிடும். தரையின் குளிரைத் தடுப்பது பாய் மட்டும்தான். அதன் தடுப்புத் திறனை ஆர் மதிப்பு என்று குறிப்பார்கள். நான்குக்குக் குறையாமல் பாருங்கள். காற்றடைக்கும் பாயாக இருந்தால் கூடவே மெல்லிய ஃபோம் பாய் ஒன்றையும் அடியில் போடுங்கள். ஓட்டை விழுந்தாலும் அன்றிரவு தப்பிக்கலாம்.

இதையெல்லாம் சென்னையில் சோதிக்க முடியாது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழுகிறது. தெரிந்தவர் தோட்டத்திலோ விடுதிப் புல்தரையிலோ கேட்டுக்கொண்டு ஓர் இரவு படுத்துப் பாருங்கள். காப்புக்காட்டுக்குள் போய்க் கூடாரம் அடிக்கும் வேலை வேண்டாம். தமிழ்நாட்டில் அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். 2018 குரங்கணித் தீக்குப் பிறகு கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட.

கூடாரம் இரட்டைத் துணியுள்ளதாக, ஆணி அடிக்காமலே நிற்கக்கூடியதாக இருக்கட்டும். ஸ்பிதியின் தரை பெரும்பாலும் சரளை, ஆணி இறங்காது. நாலைந்து மீட்டர் நைலான் கயிறு கொண்டுபோய், மூலைகளைப் பாறைகளில் கட்டுங்கள். ஒரு கைலி கொண்டுபோங்கள்: துண்டாகும், உடை மாற்ற மறைப்பாகும், கூடாரத் தரைக்கு விரிப்பாகும். எந்த வெளிநாட்டுச் சாமான் பட்டியலிலும் இதைச் சேர்க்க மாட்டார்கள்.

தண்ணீர் வடிகட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. நுண்துளைக் குழாய் வகை வடிகட்டி ஒருமுறை நனைந்த பின் உறைந்தால் உள்ளே வெடித்துவிடும். வெளியே பார்க்க நல்லபடியாகவே இருக்கும், கிருமியை மட்டும் தடுக்காது. இரவில் அதை உறக்கப் பைக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். போனும் பவர் பேங்கும் அப்படியே. குளிரில் பேட்டரி சார்ஜ் ஓடிவிடும். பனியாற்றுத் தண்ணீர் சாம்பல் நிறத்தில் மாவுபோல் வரும், வடிகட்டியை அடைத்துவிடும். அதில் படிகாரத்தைக் கொஞ்சம் கலக்கி ஒரு மணி நேரம் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் வடிகட்டுங்கள்.

எங்கே கூடாரம் அடிப்பது

இந்தியாவில் நினைத்த இடத்தில் தங்க உரிமை தரும் சட்டம் எதுவும் இல்லை. ஸ்பிதியில் வெறும் பொட்டலாகத் தெரிவது ஏதோ ஒரு கிராமத்தின் மேய்ச்சல் நிலமாக இருக்கும். ஊர் பக்கத்தில் இருந்தால் கேளுங்கள். "ஜூலே" என்று வணக்கம் சொல்லிவிட்டுக் கேட்டால் இடமும் காட்டுவார்கள், தேநீரும் வரும். பட்டாணி வயலோரம் வேண்டாம். அதுதான் அவர்களுடைய பணப்பயிர். கிப்பர் பக்கம் வனவிலங்குச் சரணாலயம், 'பின்' பள்ளத்தாக்கில் தேசியப் பூங்கா. இரண்டுக்கும் வனத்துறையிடம் கேட்க வேண்டும். சந்திரதால் 2005இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கத் தடை, சில கி.மீ. முன்னால் இருக்கும் முகாம் பகுதியில் தங்கி, காலையில் ஏரிக்கு நடந்து போங்கள்.

மற்ற இடங்களில் மூன்று விஷயம் பாருங்கள். அண்ணாந்து சரிவைப் பாருங்கள்: கூர்முனை மழுங்காத, புழுதி படியாத கற்கள் கிடந்தால் அவை சமீபத்தில் விழுந்தவை. ஓடை விரிந்து வந்து சேரும் விசிறி மேட்டில் படுக்காதீர்கள், அது எத்தனை சமமாக இருந்தாலும். ஆற்றங்கரை மணல் மெத்தென்று அழைக்கும். மலைமேல் பகலெல்லாம் உருகிய பனி மாலையில்தான் கீழே வந்து சேரும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் வெயில் முதலில் விழும் பக்கமாக இடம் பார்த்தால், ஒரு மணி நேரம் முன்னதாக விறைப்பு நீங்கும். ஊருக்கு அருகில் பனிச்சிறுத்தையைவிடத் தெருநாய்கள் பற்றித்தான் கவலை; சாப்பாட்டையும் செருப்பையும் வெளியே வைக்க வேண்டாம்.

காலைக்கடனுக்குத் தண்ணீரிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டுங்கள். அந்தக் குளிர்வறண்ட மண்ணில் எதுவும் லேசில் மக்காது. காகிதம் பயன்படுத்தினால் பையில் போட்டு எடுத்து வாருங்கள். விறகு மூட்டித் தீக்காய வேண்டாம். அங்குள்ளவர்கள் குளிர்காலத்துக்காக ஒவ்வொரு சுள்ளியையும் வறட்டியையும் சேர்த்து வைக்கிறார்கள்.

அடுப்பும் சாப்பாடும்

கேஸ் குப்பியை விமானத்திலும் ரயிலிலும் கொண்டுபோகக் கூடாது. மணாலியின் மலையேற்றக் கடைகளில் கிடைக்கும், ஆனால் நீங்கள் மணாலியில்தான் பயணத்தை முடிக்கப்போகிறீர்கள். அதனால் இந்தத் திசையில் போகிறவர்களுக்குப் பெட்ரோலில் எரியும் பம்பு அடுப்பைச் சொல்வேன். ரெக்காங் பியோவிலும் காஜாவிலும் பங்க் உண்டு. புகை படியும், ஜெட் அடைக்கும், துடைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஹோட்டல் மேசை அடுப்புக்குப் போடும் நீண்ட பியூட்டேன் குப்பியை மலிவென்று வாங்காதீர்கள். உறைகுளிரில் பியூட்டேன் சரியாக ஆவியாகாது, அடுப்பு திணறும். எந்த அடுப்பானாலும் மூடிய கூடாரத்துக்குள் கொளுத்தக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

நாகோவிலிருந்து காஜா வரை தினமும் ஏதாவது ஒரு தாபாவோ வீட்டு விடுதியோ உண்டு. சமைத்தே தீர வேண்டிய இடம் லோசருக்கு அப்பால்தான். சந்திரதால் உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதில் பருப்பு வேகாது, அரிசி நடுவில் நறுக்கென்றே நிற்கும். ஊரிலிருந்து கொண்டுபோக நம்மிடமே நல்ல சரக்கு இருக்கிறது. அவல், சுடுதண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் போதும். வறுத்த ரவையில் கடுகு, முந்திரி, உப்பு, காய்ந்த கறிவேப்பிலை எல்லாம் தாளித்துச் சேர்த்த உப்புமாக் கலவை. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல். கோவில்பட்டி கடலை மிட்டாய் இருக்கும்போது விலை கூடிய எனர்ஜி பார் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. உயரத்தில் பசி செத்துப்போகும். சத்துக் கணக்கைவிட நாக்குக்குப் பிடித்தது என்ன என்பதே முக்கியம். ஊறுகாய் ஒரு சின்ன டப்பா, எடையைப் பாராமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

படாலில் சாச்சா-சாச்சி தாபா என்று எல்லோரும் அழைக்கும் பழைய கல் தாபா ஒன்று உண்டு. பனிப்புயலில் மாட்டிய பயணிகளுக்குப் பல முறை அடைக்கலம் தந்த இடம். அங்கே ராஜ்மா சோறு சாப்பிடாமல் தாண்ட வேண்டாம்.

இனி வண்டி

டபுள் டிஸ்க் பிரேக் உள்ள, பின்பக்கம் ஷாக் இல்லாத சாதாரண எம்.டி.பி. போதும். ஃபிரேம் இரும்பானால் ஒரு வசதி, எந்த லாரி பட்டறையிலும் பற்றவைத்துவிடுவார்கள்; அலுமினியம் அப்படி நடக்காது. பார்க்க வேண்டியது மிகச் சிறிய கியர். முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்தால் 0.7க்குள் வர வேண்டும். முன்னால் 22, பின்னால் 34 உள்ள பழைய மூன்று பல்சக்கர வண்டிகளில் இது 0.65 வருகிறது. புது மோஸ்தர் ஒற்றைப் பல்சக்கர வண்டி வாங்கக் காசு இல்லையே என்று வருந்துகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அந்தக் காசை உறக்கப் பையில் போடுங்கள்.

டயர் 2.1 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். காற்றழுத்தத்தில் ஒரு வேடிக்கை உண்டு: வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய டயருக்குள் இருப்பது கூடியதுபோல் ஆகும். கடல்மட்டத்தில் 30 பி.எஸ்.ஐ. அடைத்த டயர், குளிரால் சற்றுக் குறைவதைக் கழித்துவிட்டால், குன்சத்தில் 36ஐத் தொடும். கல்பாதையில் பந்துபோல் குதிக்கும். ஏற ஏறக் கொஞ்சம் இறக்கிவிட்டு, இறங்கும்போது மறுபடி அடியுங்கள். மேலே கைப்பம்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு அடிக்க வேண்டிவரும், அதற்கும் மூச்சு வேண்டும்.

உதிரிகளில் யாரும் நினைக்காதது டீரெய்லர் ஹேங்கர், கியர் மாற்றும் பின் டீரெய்லரை ஃபிரேமோடு இணைக்கும் சிறு அலுமினியத் துண்டு. வண்டி ஒருபக்கம் விழுந்தால் முதலில் வளைவது அது. ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வடிவம். உங்களுடையது காஜாவில் கிடைக்கவே கிடைக்காது. வண்டி வாங்கும் கடையிலேயே இரண்டு சொல்லி வாங்குங்கள். அதோடு செயின் இணைப்பி, பிரேக் பேட் இரண்டு செட், கியர் கேபிள், உங்கள் சக்கர அளவுக்கு நாலு ஸ்போக், இரண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கிழிந்த டயருக்குள் வைக்கப் பழைய டயர்த் துண்டு, கட்டுக்கம்பி, ஜிப் டை. கேரியர் போல்ட்டுகளுக்கு நூல்பூட்டுப் பசை போட்டு முடுக்குங்கள், தினமும் மாலையில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கிராம்பூ பக்கக் கற்களில் இரண்டே நாளில் போல்ட் கழன்று விழும். சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் படாலிலிருந்து சத்ரூ வரை பல இடங்களில் பாதை என்பது ஆற்றுக் கற்களின் மேல் ஓடும் தண்ணீர்தான்.

அந்த ஓடைகளைக் காலை ஒன்பது மணிக்குள் கடந்துவிடுங்கள். இரவுக் குளிரில் உருகல் நின்று தண்ணீர் வடிந்திருக்கும் நேரம் அது. முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் இறங்காதீர்கள்; கரையைவிட்டுத் தள்ளி மேட்டில் கூடாரம் அடித்து மறுநாள் காலை பாருங்கள், அல்லது லாரி வந்தால் வண்டியை ஏற்றிவிடுங்கள். இறங்குவதானால் மூட்டைகளை முதலில் தனியாகச் சுமந்து கொண்டுபோங்கள். பிறகு வெறும் வண்டியை, நீரோட்டம் போகும் பக்கமாக வைத்துத் தள்ளுங்கள். மேல்பக்கம் வைத்தால் தண்ணீர் அதை உங்கள் காலோடு சேர்த்து அடிக்கும். செருப்பைக் கழற்றக் கூடாது.

மொத்தச் சுமை, வண்டியைத் தவிர, தண்ணீரும் சாப்பாடும் சேர்த்து 18 கிலோவுக்குள் அடங்க வேண்டும். ஏற்றிப் பார்க்க ஏலகிரி போதும். ஒரு சனிக்கிழமை முழுச் சுமையோடு மேலே போய்த் தங்கி, ஞாயிறு இறங்குங்கள். எந்தப் பை உரசுகிறது, எந்தச் சாமானை எடுக்கவே இல்லை என்பது தெரிந்துவிடும்.

வண்டியை ஊரிலிருந்து கொண்டுபோக ரயில் பார்சலோ விமானமோ. பெட்டிக்குள் அடைக்கும்போது இடது பெடல் எதிர்த்திசையில் கழலும் என்பதை மறந்து மரை தேய்த்துவிடாதீர்கள். ஹைட்ராலிக் பிரேக்கானால் சக்கரத்தைக் கழற்றியதும் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். லீவர் அமுங்கினாலும் பேட் ஒட்டிக்கொள்ளாது. பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். காஜாவில் ஏ.டி.எம். உண்டு, பணம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ரெக்காங் பியோவிலேயே எடுத்துவிடுங்கள்.

பயணத்தை நடுவில் நிறுத்துவது பெரிய காரியமில்லை. காஜாவிலிருந்து ரெக்காங் பியோவுக்கும், குன்சம் திறந்திருக்கும் மாதங்களில் மணாலிக்கும் இமாச்சல அரசுப் பேருந்து ஓடுகிறது. கூரைமேல் வண்டியை ஏற்றிக் கட்டி லக்கேஜ் டிக்கெட் போடுவார்கள். கயிறு உங்களுடையதாக இருக்கட்டும். பனி விழுந்து கணவாய் மூடினாலோ உடம்பு ஒத்துவராவிட்டாலோ தயங்காமல் அதில் ஏறிவிடுங்கள். அப்படி ஏற மனம் வர வேண்டுமென்றால் கையில் நாள் இருக்க வேண்டும். திரும்பும் ரயில் டிக்கெட்டை, மணாலி சேருவதாகத் திட்டமிட்ட தேதிக்கு மூன்று நாள் தள்ளியே எடுங்கள்.